ஏழுமலையிடம் கேட்ட அறுபத்தொரு கிலோ

ஏழுமலை போய்விட்டான். காலையில் அவன் மச்சினன் போன் செய்து சொன்னான்... ஆஸ்பத்திரியிலேயே, விடிவதற்குள். கிட்னி.

என் பக்கத்தைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியாது. கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, ப்ரொஃபஷனல் பாக்ஸர்.

என்னோடு ஒரே ஒரு மேட்ச் ஆடினான், சிதம்பரத்தில். ஜெயித்தது நான்.

அது எந்த வெயிட் கிளாஸிலும் வராத மேட்ச். இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்த எடை, அறுபத்தொரு கிலோ. நான் சும்மா இருந்தாலே அறுபத்தொன்றுதான். அவன் அறுபத்தாறு.

இன்னொரு கண்டிஷனும் உண்டு. மேட்ச் அன்று காலையில் மறுபடி எடை பார்ப்பார்கள், இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. அதாவது, முதல் நாள் எடை பார்த்த பிறகும் வயிறாரத் தண்ணீர் குடிக்க முடியாது.

அவனுக்கு வேறு மேட்ச் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

முதல் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் எடை பார்த்தார்கள். அவன் முந்நூறு கிராம் கூடுதல்... ஒரு மணி நேரம் டைம் கொடுத்தார்கள்.

ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு மொட்டை வெயிலில் ஓடினான். திரும்பி வந்து ஏறினால் இன்னும் ஐம்பது கிராம் கூடுதல்.

உடம்பில் துணியே இல்லை, சுற்றித் துண்டு பிடித்திருந்தார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் மட்டும். திருகு இறுகிப்போய்க் கழலவில்லை, கட்டிங் பிளேயர் கேட்டான்.

கூட வந்த அவன் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், செத்தவன் இடுப்புலதான்டா அத அறுப்பாங்க. வேணாம்டா."

அவனே அறுத்துப் போட்டான். சரியாக அறுபத்தொன்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

மறுநாள் முதல் இரண்டு ரவுண்ட் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டான். மூன்றாவதில் அவன் கால் தள்ளாடியது, உதடெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

நாலாவதில் வயிற்றில் ஒன்று விட்டேன், உட்கார்ந்துவிட்டான். அதை அடி என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

ஜெயித்த போட்டோவை இங்கேதான் போட்டேன்... நிறைய பேர் லைக் போட்டீர்கள். ஒருவர் மட்டும், இது நியாயமா என்று கமென்டில் கேட்டிருந்தார். இரண்டு பேரும் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டோம் என்று நறுக்கென்று பதில் சொன்னேன்.

போன மாதம் டயாலிசிஸ் வார்டில் அவனைப் பார்த்தேன். படுக்கவைக்கும் முன் எடை குறித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வேறு.

சிரித்தான். "இங்கயும் வெயிட் பாக்குறாங்க மச்சான். ஜாஸ்தியா இருந்தா நர்ஸம்மா திட்றாங்க."

அந்த மேட்ச்சால்தானா இது என்று கேட்டேன். இல்லை, ரொம்ப நாளாக இருந்த பிரஷர் என்று டாக்டர் சொன்னாராம். உண்மையா, என் மனசுக்காகச் சொன்னானா... தெரியாது.

பிறகு அவனே என் கையைத் தட்டினான். "நீ இன்னா மச்சான் பண்ணுவ. உங்க மேனேஜர் கேட்ட வெயிட்டு அது. உன்ன நான் ஒருநாளும் தப்பா நெனச்சதில்ல."

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஏழுமலை... மேனேஜர் அறுபத்துநாலே போதும் என்றார். நெல்லிக்குப்பத்தில் நீ ஒருத்தனை இடது கையால் சாய்த்ததைப் பார்த்துவிட்டு வந்து, அறுபத்தொன்றுக்கு வந்தால்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தது நான். பயம்டா.

உன்னைப் பார்க்க வரும் பஸ் புவனகிரி தாண்டிவிட்டது. உன் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும்.

போய் வாடா மச்சான்.