கோட்டருகே ஒரு நாற்காலி

பிரம்பு நாற்காலி மண்ணில் இழுபடும் சத்தம் எனக்கு ஆகாது. முதலில் ஒரு கிறீச், பிறகு நான்கு கால்களும் புல்லில் அமுங்கும் முனகல். சென்ற மாதம் பாக்கார் ஆராங் பக்கத்துத் திடலில் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் போட்டி. பிரமுகர்கள் உட்காருவதற்காக நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஓட்டம் முடியும் வெள்ளைக் கோட்டுக்கு நேர் எதிரே. ஓடுகிற பிள்ளையின் மனத்தைப் பழக்குவது எப்படி என்று பயிற்சியாளர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் ஓடியவன், இப்போது ஏதோ எழுதுகிறவன். மனம் என்றால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டார்கள், பாவம். அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன்.

மனத்தைப் பழக்க எனக்குத் தெரியும். ஒரு மனிதனை நான் பழக்கியிருக்கிறேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கூலிம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறியிருந்தான். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் பாலை உள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா நின்றன. மரங்களுக்கு இடையே மரவள்ளி நட்டோம், மரவள்ளி தின்றோம், மரவள்ளி போலவே வெளுத்தோம். நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு என் பொறுப்பு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் லாரியில் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

அப்போது ஓர் அறிவிப்பு வந்தது. சைக்கிளுக்கு டயர் கிடைக்காத நேரம். பட்டணத்து முகாமுக்கும் தோட்டத்துக்கும் இடையே கடிதம் கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். அவர்களுடைய அரசரின் பிறந்தநாளன்று பந்தயம், கித்தாத் தகடு காயவைக்கும் புகைக்கூடத்திலிருந்து ஆபீஸ் திடல் வரைக்கும். முதலில் வருகிறவன் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். பட்டை கட்டியவனைச் சயாம் லாரி தொடாது.

அடுத்த லாரிக்கு எழுதியிருந்த பெயர்களில் மரம் வெட்டுகிற ஒருவனுடையதும் இருந்தது. மரம் வெட்டுவது என்றால் கித்தாப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். மூத்தவனை அவன் இவன் என்றே எழுதுகிறேன். அன்றைய வாய் இன்னும் மாறவில்லை. அவன் மனைவி எட்டு மாத வயிற்றோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். குனியவில்லை, கை கட்டவில்லை.

“கிராணி, நீங்க பள்ளிக்கூடத்துல ஓடி கப்பு வாங்குனவராம்லா. எம் புருசன ஓட வைங்க.”

“அவனுக்கும் எனக்கும் ஆகாதே.”

“ஆக வேணாம். ஓடுனாப் போதும்.”

ஆகாததற்குக் காரணம் நான். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும், குடை பிடித்தவன் மடக்க வேண்டும், ஓடுகிறவன் நிற்க வேண்டும். போருக்கு முன் ஒரு மாலை, அவன் சைக்கிளிலிருந்து இறங்காமல் என்னைக் கடந்துபோனான். நான் புதுக் கிராணி, புது வெள்ளைக் கால்சட்டை, பொறுக்கவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு டயரின் காற்றையும் என் கையாலேயே பிடுங்கிவிட்டேன். மூன்று மைல் தள்ளிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பெரட்டில் அவன் பெயரைச் சொன்னால் பதில் வரும். பார்வை வராது.

முதல் நாள் ஆபீஸ் திடலில் கோடு கிழித்து, அதனருகே நின்று ஓடவிட்டுப் பார்த்தேன். காற்று கிழிகிற ஓட்டம். ஆனால் கடைசி இருபது அடியில் ஏதோ கயிறு பிடித்து இழுத்ததுபோல் தளர்ந்தான். மூச்சு போதவில்லை என்று நினைத்து, மறுநாள் பாதித் தூரம்தான் ஓடச் சொன்னேன். அப்போதும் கடைசி இருபது அடியில் தளர்ந்தான். மூன்றாம் நாள் ஆபீசில் வேலை இருந்ததால் நான் தாமதம். ஜன்னல் வழியே பார்த்தேன், யாருமில்லாத கோட்டை அவன் மின்னலாகத் தாண்டிப் போனான்.

வெளியே வந்து, ஆபீஸ் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோட்டருகே உட்கார்ந்து, மறுபடி ஓடச் சொன்னேன். இருபது அடியில் தோள் இறங்கியது. கால் தட்டுத் தடுமாறியது. கை தானாகத் தலைத்துண்டுக்குப் போனது.

மூச்சில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் எதிரே ஓடக்கூடாது என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரிந்தது. மறந்திருந்தாலும் நான் டயர்க் காற்றைப் பிடுங்கி ஞாபகப்படுத்தியிருந்தேன். பந்தயத்தன்று கோட்டருகே யார் உட்கார்ந்திருப்பான்? ஜப்பான் அதிகாரி.

ஆகவே தினமும் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன். எந்த முகத்தின் முன்னால் தோற்கிறானோ அந்த முகத்தின் முன்னாலேயே பழக்கு: இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. என் திமிர் சொன்னது. கிழங்கு பிடுங்கிவிட்டுத் திரும்பும் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன கிராணி, நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க? மாப்பிள்ள பாக்குறீங்களா?”

“மாப்பிள்ளைக்குக் கால் நல்லாத்தான்டி இருக்கு. கிராணியக் கண்டாத்தான் கோணுது!”

அவன் காதில் விழும். முகம் இறுகும். மறுபடி ஓடுவான். மறுபடி தளர்வான்.

“தாண்டுடா! நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுருவேன்?”

“நீங்க எந்திரிங்க. நான் தாண்டுறேன்.”

“ஜப்பான்காரன் எந்திரிக்கமாட்டான்டா, மடையா!”

நயமாகச் சொன்னேன், நடக்கவில்லை. அதட்டினேன், அதட்டலுக்கு இன்னும் குனிந்தான். பிறகு திட்டினேன். பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவனுக்கு யாருக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரியும். சைக்கிளைச் சொன்னேன். அவன் அப்பன் குடித்துக் கால்வாயில் கிடந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நாலு அடி, ஐந்து அடி கிட்டே வந்தான். வெறுப்பு நன்றாக எரியும், புகைக்கூடத்தில் காய்ந்த கித்தா விறகு மாதிரி. எனக்கு இன்னும் விறகு வேண்டியிருந்தது.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவன் ஓடி வருகையில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்:

“உம் பொண்டாட்டி எங்கால்ல விழுந்து அழுததாலதான்டா உன்ன ஓடவிட்டேன்!”

பொய். அவள் விழவில்லை.

இருபது அடி வந்தது. தோள் இறங்கவில்லை. கண் என் நெஞ்சில் குத்தியிருந்தது. கோட்டைத் தாண்டி, நாற்காலியை உதைத்து, என்னையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போனான். முழங்கை தோலுரிந்து மண்ணில் கிடந்தபடி நான் சிரித்தேன். ஆனந்தம் தாங்கவில்லை.

“அதான்டா! அதே மாதிரி! நாளன்னிக்கும் அதே மாதிரி!”

அவன் என்னைத் தூக்கிவிடவில்லை. பக்கத்தில் எச்சில் துப்பிவிட்டு ஆட்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து நடந்தான்.

பந்தய நாள் வெயில் தகரத்தை வளைத்தது. ஐந்து தோட்டத்து ஆட்கள். கோட்டருகே மேசை, மேசைக்குப் பின்னால், அதே பிரம்பு நாற்காலியில், வாளைத் தொடைமேல் கிடத்தி அதிகாரி. நான் மேசைக்குப் பக்கத்தில் மற்றக் கிராணிகளோடு நின்றேன். புகைக்கூடத்துப் பக்கம் புழுதி எழுந்தது. புழுதிக்கு முன்னால் அவன் மட்டும் வந்தான். அடுத்தவன் முப்பது அடி பின்னால்.

கடைசி இருபது அடி. என் நகம் உள்ளங்கையில் இறங்கியது. அவன் தளரவில்லை. அதிகாரி முகத்தைப் பார்த்தபடியே வந்தான், மேசையை ஒரு சாண் இடைவெளியில் உரசிக்கொண்டு, அப்படியே மரவள்ளிக் கொல்லை ஓரம் வரைக்கும் ஓடினான். அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலில் கையூன்றி வாந்தி எடுத்தான்.

முதுகைக் காட்டி.

கோட்டுக்கு அப்பால் என்ன என்று நான் யோசித்திருக்கவே இல்லை. சிப்பாயைக் கண்டால் இடுப்பு வளையக் குனிய வேண்டும் என்பது லயத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த காலம். ஓடு, தாண்டு, பிறகு திரும்பிக் குனி. மூன்றில் இரண்டைத்தான் பழக்கினேன். மூன்றாவதை, அவனிடம் மிச்சமிருந்த ஒன்றை, நானே பத்து நாள் மெனக்கெட்டுப் பிடுங்கி எறிந்திருந்தேன்.

அதிகாரி ஏதோ கத்தினான். கொல்லையோரம் நின்றவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவதாக வந்தவன் கோட்டிலேயே நின்றான், குனிந்தான், நெற்றி முட்டிக்கு வந்தது. பட்டையை அவன் கையில் கட்டினார்கள். இரண்டு சிப்பாய்கள் கொல்லைப் பக்கம் போனார்கள். “நான்தான் பழக்கினேன், குற்றம் என்னுடையது” என்று சொல்ல வாய் இருந்தது எனக்கு. உடைந்த மலாயில் சொன்னாலும் அந்த அதிகாரிக்குப் புரிந்திருக்கும். நான் குனிந்திருந்தேன். மற்றக் கிராணிகளும் குனிந்திருந்தார்கள். அறை விழும் சத்தத்தைத்தான் கேட்டேன். பார்க்கவில்லை. எட்டு அறை.

நாலு நாள் கழித்து லாரி. சுங்கைப் பட்டாணி ரயில் நிலையம் வரைக்கும் நானும் போக வேண்டும். பெட்டியில் ஏற்றும்போது பெயர் கூப்பிட ஆள் வேண்டுமே. கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில். அவன் பெயரையும் சொன்னேன்.

“இருக்கேன்.”

இடது கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவன் மனைவி வரவில்லை. வயிற்றோடு லாரியில் ஏற முடியாது. பெட்டி வாசலில் அவன் உட்கார்ந்ததும் கிட்டே போனேன். சிப்பாய் மறுகோடியில் இருந்தான்.

“அவுங்க எங்கால்ல விழல. உன்ன ஓடவைக்க நான் சும்மா சொன்னேன்.”

“தெரியும். அவ யார் கால்லயும் விழமாட்டா.”

“தெரிஞ்சுமா உதைச்ச?”

இஞ்சின் பெருமூச்சு விட்டது. மன்னிப்பு என்ற சொல் என் வாயில் மரவள்ளிக் கட்டியாக ஒட்டியிருந்தது, விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல். பெட்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். போருக்கு முந்திய அந்த மாலைக்குப் பிறகு முதல்முறையாக அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“நாற்காலி எங்க, கிராணி? கொண்டாந்திருந்தா உக்காந்து பாத்திருக்கலாம்லா.”