வசூலுக்கு வந்தவரின் பெயர்

1996 ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிறில் இத்தாலிக்குப் போனான். அவன் கடனில் எடுத்திருந்த த்ரீவீலருக்குப் பிணை நின்றவள் அவனுடைய அக்கா நேசம். இரண்டு தவணை தவறியதும் கடன் கொடுத்த கொம்பனியின் ஆள் ரெஜினோல்ட், கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டு வாசலுக்குத் தினமும் வந்து, அயலெல்லாம் கேட்கக் கத்தத் தொடங்கினான்.

ஒருநாள் நேசம் கதவைத் திறந்தாள். "கடனெண்டா கோட்டுக்குப் போங்கோ தம்பி. வாசலில நிண்டு கத்தச் சட்டம் இல்லை."

"சட்டமோ? மேல இருக்கிற யாழ்ப்பாணப் பெட்டையளைப் பொலிஸில பதிஞ்சனீங்களோ? நான் ஒரு சொல்லுச் சொன்னா எல்லாரும் உள்ளுக்கு."

அந்த யுத்த காலத்தில், வெளியூர்த் தமிழர் பொலிஸில் பெயர் பதியாமல் கொழும்பில் தங்கினால் கைதுதான். மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அந்த இரண்டு பெண்களையும் அவள் பதியவில்லை. ஆனாலும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"வாங்கோ, இப்பவே போவம். அவையளையும் பதிவம், ஒவ்வொரு நாளும் இஞ்ச வாற ஆளெண்டு உங்களையும் பதிவம். ஐடென்டி காட்டை எடுங்கோ."

ரெஜினோல்டின் கை சட்டைப்பை வரை போய் நின்றது. "நாளைக்கு வாறன் அக்கா" என்றான்.

வரவில்லை. கொம்பனி வழக்குப் போட்டது. நேசம் நீதிமன்றத்தில் தவணை கேட்டு, கட்டி முடித்தாள்.

எட்டு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து கிறிஸ்மஸுக்கு ஒரு நத்தார் வாழ்த்து மட்டை வந்தது. "அக்கா, அண்டைக்குப் பொலிஸுக்குப் போயிருந்தா முதல் உள்ளுக்குப் போறது நான்தான். நானும் யாழ்ப்பாணந்தான், பதியாமல் இருந்தனான். ரெஜினோல்ட்."