நசீமா தன் பெயரோடு போட்ட திருத்தங்கள்

நசீமா இறந்துவிட்டார்.

இன்று காலை, கள்ளக்குறிச்சியில், தன் தம்பி வீட்டில். மாரடைப்பு. வயது நாற்பத்து நான்கு. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

தெரியாதவர்களுக்காக... எங்கள் பத்திரிகையில் பதினோரு வருடம் பக்க வடிவமைப்பாளர். நான் நிருபர். பிறகு வேலையை விட்டு, தம்பி வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து ஓர் ஆன்லைன் கேம் செய்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டும் விளையாட்டு.

ஒரே ரோட்டில் எல்லோரும் லைவாக ஓட்டுவோம். அவரவர் வண்டிக்கு அவரவர் பெயின்ட். விதி ஒன்றுதான். மேலே ஏறுகிற வண்டிக்கு, கீழே இறங்குகிற வண்டி ஓரங்கட்டி நிற்க வேண்டும்.

ரிட்டயர் ஆன பிறகு நானும் ஓட்டினேன். சுமாராக.

வெள்ளிக்கிழமை முதல் சர்வர் இல்லை. வண்டி ஓடவில்லை. "எல்லாத்தயும் சுருட்டிக்கினு ஓடிட்டா" என்று ஒருவர் கேம் ஆடுகிறவர்களின் குழுவில் எழுதினார். நாற்பது பேர் லைக் போட்டார்கள்.

இன்று காலை தம்பி போட்ட மரணச் செய்தியின் கீழேயும் அதே ஆள். "அப்ப சர்வர் எப்ப வரும்?" பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்திரிகையில் திருத்தம் என்றால் கடைசிப் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில் போடுவார்கள். நசீமா ஒத்துக்கொள்ள மாட்டார். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கம், அதே எழுத்தளவு. ரிஷிவந்தியம் கோயில் படத்துக்கு வேறு ஊர்ப் பெயர் போட்டது நான். அந்தத் திருத்தத்துக்காக ஒரு விளம்பரத்தையே நகர்த்தினார். ஆசிரியர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்தப் பழக்கத்தை கேமுக்கும் கொண்டுபோனார். எது கெட்டாலும் முதல் ஸ்கிரீனில் ஒரு பெட்டி. தலைப்பு: திருத்தம். என்ன கெட்டது, ஏன், எப்போது சரியாகும். கீழே, "– நசீமா."

பெயர் வேண்டாம், கடித்துக் குதறுவார்கள் என்று சொன்னேன்.

"பேர் போடாத திருத்தம் இன்னா திருத்தம்ணா?" என்றார்.

குதறினார்கள். பெயர் சொல்லி, வீட்டைச் சொல்லி, மதத்தைச் சொல்லி... அவர் பெட்டி போடுவதை நிறுத்தவில்லை.

ஒரு தடவை, வளைவுகளைப் பார்க்க நிஜ பஸ்ஸில் மலை ஏறினோம். ஓட்டியவர் கோவிந்தன். அவரும் இந்த கேம் ஆடுகிறவர். ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்து, "இன்னாம்மா, இங்க ஒரு கடுக்கா மரம் நிக்கிது, உன் ரோட்டுல காணமே? அத வச்சிதான் நான் ஸ்டீரிங்க ஒடிக்கிறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நசீமா இறங்கிப் போய் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

பொங்கலன்று மரத்தை வைத்தார். அப்டேட் போன அடுத்த நிமிடம் ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. மரம் மட்டும் நின்றது.

பெட்டி வந்தது. "கடுக்காய் மரம் வைத்தேன். சோதிக்காமல் வைத்தேன். வண்டிகள் மறைந்தன. தவறு என்னுடையது. மாலைக்குள் வரும். – நசீமா."

நானும் யோக்கியன் இல்லை. ஒரு மணி நேரத்தில் நான்கு முறை போன் செய்தேன். நான்காவது தடவைதான் எடுத்தார்.

"பிரஸ்ஸு நின்னுபோச்சின்னா மெஷின்காரர இத்தினி வாட்டி கூப்புடுவீங்களாண்ணா? டீ தான வாங்கியாந்து குடுப்பீங்க?"

வைத்துவிட்டார்.

ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு போனேன். ஊற்றிக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் வண்டிகள் வந்தன. மரமும் இருந்தது.

அதன் பிறகு எப்போது சர்வர் போனாலும் டீயோடு போவேன். இந்தச் சனிக்கிழமையும் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

இந்த முறை கெட்டது வாடகை சர்வர். எல்லோருடைய வண்டியும் அழிந்துவிட்டது. அவரவர் வண்டியின் படத்தை அனுப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை, மஞ்சள் வண்டி ஒன்றின் பின்கண்ணாடியில் ஏதோ குழந்தையின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். யாருடையது என்று கேட்டேன்.

ஓடிவிட்டதாக எழுதினாரே, அந்த ஆளுடையது.

"அவுருத மொதல்ல முடிச்சிடணும்ணா. ரொம்ப கோவமா கீறாரு, பாவம்."

முடித்துவிட்டுத்தான் டீ குடித்தார்.

திட்டியதால் செத்தார் என்று நான் எழுத மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. முப்பது வருடமாக ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் எழுதியதில்லை, இன்றும் எழுத மாட்டேன்.

ஆதாரம் இருப்பதை எழுதுகிறேன். நசீமாவின் முறைப்படி. என் பக்கத்தில் போடுவதோடு, தப்பு வந்த அந்தக் குழுவிலும் இதைப் போடுகிறேன்.

திருத்தம்: நசீமா ஓடிவிட்டதாகக் குழுவில் வந்த செய்தி பொய். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் தன் மேசையில் உங்கள் வண்டிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நேரில் பார்த்தேன். பேக்கப் எடுக்காதது தன் தவறு என்று வெள்ளிக்கிழமைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறார். முதல் ஸ்கிரீனில் இன்னும் இருக்கிறது, படித்துப் பாருங்கள். – சந்தானம், நிருபர்.

இதன் கீழே சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். நீக்க மாட்டேன். அவர் செய்ததுபோல, சொந்தப் பெயரோடு போடுங்கள்.

மஞ்சள் வண்டிக்காரரே, உங்கள் வண்டி தயார்.

கோவிந்தன் இப்போதுதான் போன் செய்தார். டியூட்டியில் இருக்கிறார், அடக்கத்துக்கு வர முடியாது. அந்த மரத்தடியில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தப்போகிறாராம். யார் கேள்வி கேட்டாலும் பரவாயில்லை என்றார்.

போங்கள் நசீமா... நீங்கள் ஏறுங்கள். நாங்கள் ஓரங்கட்டி நிற்கிறோம்.