ஸ்பீக்கர் அக்கா வாய் திறக்காத நாள்

ஒருவர் நூலகத்திலிருந்து எந்தப் புத்தகம் எடுத்துப்போனார் என்று இன்னொருவர் கேட்டால், சொல்வதில் என்ன குற்றம்? அப்போது எங்கள் ஊரில் ஒருவருக்கும் இதற்குப் பதில் தெரியாது. நூலகக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கே தெரியாது.

அவரை எல்லோரும் ஸ்பீக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எங்கே போகிறது என்று கத்திச் சொல்லும் வேலை பார்த்தவர். நூலகத்துக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டை இறங்கவில்லை. யாராவது கேட்டுவைத்த புத்தகம் வந்துவிட்டால், கேட்டவர் வாசலில் குடையை மடக்கும்போதே அறிவிப்பு பறக்கும்.

"அண்ணே, உங்க மூலநோய் புத்தகம் வந்தாச்சு! உட்கார்ந்து படிப்பீங்களா, நின்னுக்கிட்டேவா?"

கூடமே குலுங்கிச் சிரிக்கும். அந்த அண்ணனும் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போவார். அதன்பின் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். அவர் ஏன் வரவில்லை என்று அக்கா யோசித்ததே இல்லை.

ஒரு நாள் பிஸ்கட் ஆலையில் பேக்கிங் வேலை செய்யும் பெண் உள்ளே வந்தார்.

"தங்கச்சி! நீ கேட்ட தொழிலாளர் சட்டப் புத்தகம் வந்துடுச்சு!"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. புத்தகத்தை அவசரமாகப் பைக்குள் திணித்தார். "கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதாக்கா? நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறோம். உட்கார ஸ்டூல் கேக்க சட்டத்துல இடம் இருக்கான்னு பார்க்கத்தான் எடுக்கறேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலையை விட்டே தூக்கிடுவாரு."

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அலமாரிக்குப் பின்னால் இருந்த யாரோ ஆளைப் பார்க்கவில்லை; பேச்சை மட்டும் கேட்டு, ஆலையில் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை மேனேஜரே கவுன்டரில் வந்து நின்றார்.

"எங்க ஆளு யாரோ தொழிலாளர் சட்டம் எடுத்தாங்களாமே. பேரைச் சொல்லுங்க."

"ஞாபகம் இல்லையே சார்."

"ஞாபகம் எதுக்கு? அதான் கம்ப்யூட்டர் இருக்கே."

"அது காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது சார்," என்று அக்கா வாய்கூசாமல் புளுகினார்.

"சரி, நாளைக்குத் தலைவரோட வர்றேன்."

நூலகக் குழுவின் தலைவரைத்தான் சொன்னார். கூடத்தில் ஓடும் ஃபேன்கள் எல்லாம் ஆலை கொடுத்தவை.

அக்காவின் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் அவர் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா விஷயத்தைச் சொல்லி அழுதார். "என் வாயாலதான் அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணு விழப்போகுது."

"என் நாற்காலியில உட்கார்றவன் எல்லாம் வீட்டுக் கதையைக் கொட்டுறான்," என்றார் அவர். "நான் முடியைத்தான் கீழே போடுறேன். கதையைப் போட்டா அடுத்த நாள் எவன் வருவான்?"

"எனக்கு வேலை போயிட்டா?"

"நம்ம கடைக்கு வா. ஆனா நீ கத்துற கத்துல எவன் காதாவது அறுந்துடும்."

அழுகையோடு அழுகையாக அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாள் மேனேஜரும் தலைவரும் சேர்ந்தே வந்தார்கள். செய்தித்தாள் படித்தவர்கள் தலைதூக்கினார்கள்.

"சொல்லிடும்மா. ஃபேன் கொடுத்தவங்க கேக்கறாங்க," என்றார் தலைவர்.

அக்கா எழுந்து நின்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஐயா, இன்னைக்கு இவருக்கு ஒரு பேரைச் சொன்னா, நாளைக்கு யாரு வந்து யாரு பேரைக் கேட்டாலும் சொல்லியாகணும். என்னால முடியாது. வேணும்னா என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

மேனேஜர் சிரித்தார். "படிக்கிறதுல என்னம்மா ரகசியம்?"

தலைவர் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார், அலமாரிகளைப் பார்த்தார், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"அந்த அம்மா சொல்றதுதான் சரி. பேரு கிடைக்காது சார். வேணும்னா ஃபேனைக் கழட்டிக்கிட்டுப் போங்க, நாங்க ஜன்னலைத் திறந்துக்கறோம்."

ஒருவர் மேசையைத் தட்டினார். பிறகு கூடம் முழுக்கத் தட்டியது. மேனேஜர் வந்த வழியே போனார்.

தலைவர் மட்டும் நின்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கவுன்டர் மேல் குனிந்தார். "எனக்கும் ஒரு புத்தகம் வேணும்மா. உன் சத்தத்துக்குப் பயந்துதான் இத்தனை நாளா கேக்கலை."

என்ன புத்தகம் என்று அக்கா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

அந்த வாரமே குழு கூடி முடிவெடுத்தது. புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயர் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துவிடும். கேட்டுவைத்த புத்தகம் உறைக்குள் இருக்கும். அக்கா கண்ணால்தான் கூப்பிடுவார். வராமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

பேக்கிங் பெண் சட்டத்தைப் படித்து, உடன் வேலை செய்பவர்களுக்கும் விளக்கினார். எல்லோரும் ஒன்றாகப் போய்க் கேட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று மேனேஜருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஸ்டூல்கள் வந்தன. இப்போது அங்கே எல்லோரும் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள்.

இதைப் படித்த நீங்கள், உங்கள் நூலகக் கவுன்டரில் இருப்பவருக்கும், புத்தகம் கேட்கத் தயங்கும் ஒருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.