நான் பிடுங்கிய பிளக்

அமரவிளைப் பக்கம் எங்கள் சபையில் மைக் செட் பார்ப்பது நான்தான். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில், என்னோடு படித்தவன் எலக்ட்ரிக் கிதாரை அலறவிட்டான். மூப்பர்கள் முகம் சுளித்தார்கள். யாரும் சொல்லாமலே நான் பிளக்கைப் பிடுங்கினேன். சபையே சிரித்தது. கிதாரோடு இறங்கிப் போனவன், ஊரைவிட்டே போய்விட்டான்.

பிறகு ராக் இசையில் உலகமே அறிந்த கிதார் கலைஞன் ஆனான். அவன் வாசிப்பைப் போனில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளக்தான் நினைவுக்கு வரும்.

சென்ற வருடம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வந்தான். காணிக்கையாக வந்த வாழைக்குலைகளின் ஏலத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்த நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"எலே, என்னக் கண்டா எதுக்குலே ஒளியுத?"

"மக்கா, அண்ணைக்கு நான் செய்தது தப்பு."

"தப்புதான்லே. பத்து வருசம் உம்மேல உள்ள கோவத்துலயாக்கும் வாசிச்சேன். ஆளுவ கைதட்டினாவ."

"இப்பமும் கோவம் உண்டா?"

"கொஞ்சம் உண்டு" என்று சிரித்தபடி, என் கையிலிருந்த மைக் வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தப்பைத் தப்பு என்றே அவன் சொன்னதால்தான், என்னால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிந்தது.