அட்டையின் பதினான்காவது வரி

எங்கள் கம்பெனியில் தயாராகும் போர்டு ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டு ஓரத்திலும் வயர் மாட்டுவதற்கான உலோகக் குச்சிகள், எங்கள் பாஷையில் பின், பக்கத்துக்குப் பத்தொன்பது, ஆக மொத்தம் முப்பத்தெட்டு. வீட்டில் சும்மா இருக்க முடியாதவர்கள்தான் இதை வாங்குகிறார்கள். ஒருவர் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடுவார், இன்னொருவர் மீன் தொட்டிக்கு விளக்குப் போடுவார். எந்தப் பின்னில் எதை மாட்டலாம், எதில் கை வைத்தால் வம்பு என்று சொல்ல ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டைக்கு ஆபீஸில் சார்ட் என்று பெயர், அதை எழுதுகிறவர் சார்ட் அக்கா.

அவருக்கு எதிர் மேஜை என்னுடையது. ஒரு நாளைக்கு முந்நூறு போர்டைச் சோதித்து, உயிர் இல்லாததை ஒதுக்குவது என் பிழைப்பு. பதினோரு வருடமாக ஒருவர் கொட்டாவியை மற்றவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. நான்காவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியேறி வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண்ணை மூடுவார். அந்த இரண்டு நிமிடம் மட்டும் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. மேனேஜருக்கே தெரியும்.

அட்டை உள்ளங்கை அளவுதான். "படம் பெருசா இருக்கட்டும், எழுத்தைக் குறைங்க" என்று மேனேஜர் ஒவ்வொரு அச்சுக்கும் சொல்வார். "எழுத்தைக் குறைச்சா போர்டு எரியும் சார், பரவாயில்லையா?" என்று அக்கா கேட்பார். இப்படி ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கட்டி, கடைசியில் பத்தொன்பது வரி தப்பிப் பிழைத்தது. இந்த நாலு பின்னும் சேதி வாங்கும், அனுப்பாது. வைஃபை ஓடும்போது இந்தப் பின்களில் அளவெடுக்காதீர்கள். எந்தப் பின்னுக்கும் மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். எல்லாம் அப்படிப்பட்ட வரிகள்தான். பதினான்காவது வரி பூஜ்ஜியம் எண் பின்னைப் பற்றியது. போர்டுக்குக் கரண்ட் வரும் நேரத்தில் இந்தப் பின்னின் பொத்தான் அழுந்தி இருந்தால், போர்டு தன் வேலையை ஆரம்பிக்காது. யாரோ புதுப் புரோகிராம் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

இதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. படிக்காமல் மாட்டிவிட்டு, ஓடவில்லை என்று எங்களுக்கு மெயில் போடுவார்கள். "அட்டையில எழுதியிருக்கே, கண்ணு எங்க போச்சு?" என்று நான் கத்துவேன். அக்கா கத்த மாட்டார். அந்தந்த வரியைத் திரும்பத் தட்டி அனுப்புவார். பத்தொன்பது வரியும் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அவர் கணவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை நன்றாக இருக்கிறது, புத்தி அதைவிட நன்றாக இருக்கிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஐந்து மணிக்கு நாள் தொடங்கும். உடம்பு துடைப்பது, சட்டை மாற்றுவது, ஊட்டுவது, மாத்திரை, பிறகு சமையல், பிறகு பஸ், பிறகு நான்கு மாடி. சாயங்காலம் இதே வரிசை தலைகீழாக. ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் கரண்டியை எடுத்துத் தன் வாய்க்குப் பதில் காற்றில் நீட்டினார். யாருக்கு ஊட்டுகிறோம் என்று ஒரு கணம் மறந்துவிட்டதாம். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், அப்புறம் இருவரும் டப்பாவை மூடிவிட்டோம்.

நாத்தனார் நல்லவர்தான். கண்டிப்பானவர்.

"அண்ணி, பகல் பூரா அண்ணன் தனியா கெடக்கறாரு. விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்கறது? நல்ல இல்லம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். அங்க நர்ஸ் இருக்காங்க."

"மூணு மாசம் டைம் குடும்மா. ஒரு மணி செஞ்சு வெக்கறேன். அதுக்கப்புறமும் சரிவரலன்னா நீ சொல்றபடியே செய்யறேன்" என்றார் அக்கா.

அந்த மணியை எங்கள் ஆபீஸில்தான், சாப்பாட்டு நேரத்தில் செய்தார். இரண்டு போர்டு. ஒன்று கணவரின் கட்டிலோரம், இன்னொன்று எதிர் வீட்டு டெய்லரம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில். இங்கே அழுத்தினால் அங்கே கத்தும். எங்கள் போர்டில் குண்டுமணி அளவுக்கு ஒரு பொத்தான் முன்கூட்டியே இருக்கிறது. அது பூஜ்ஜியம் எண் பின்னில் இருப்பது. அக்கா அதன் இரண்டு முனையிலிருந்தும் வயர் இழுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தானுக்குக் கொடுத்தார். இருப்பதைக்கொண்டே முடித்தால் ஒரு யோசனை மிச்சம். அன்றைக்கு அவரிடம் யோசிக்கத் தெம்பு இல்லை. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "சூப்பர்க்கா" என்று சொன்ன புத்திசாலியும் நான்தான்.

கணவருக்குப் பாடம் சொன்னதை மறுநாள் என்னிடம் நடித்துக் காட்டினார்.

"ஏங்க, ஏதாவது வேணும்னா ஒரு தட்டு தட்டுங்க. டெய்லரக்கா கைவேலைய முடிச்சிட்டு வருவாங்க. ஆபத்துன்னா அழுத்திப் புடிச்சுக்கங்க. ஆள் வர்ற வரைக்கும் விடவே கூடாது. சரியா?"

இருபத்திரண்டு வருடம் கண்டக்டரின் விசிலுக்குக் கட்டுப்பட்டவர். தலையாட்டினாராம்.

ஏழு வாரம் மணி அழகாக ஓடியது. ஒரு தட்டுக்கு டெய்லரம்மா தண்ணீரோடு வருவார், ஜன்னலைத் திறந்துவிடுவார், தெருக்கதை நாலு சொல்லிவிட்டுப் போவார். அக்கா ஒருநாள் மேஜையில் தலை சாய்த்துப் பத்து நிமிடம் தூங்கினார். பதினோரு வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

எட்டாவது வாரம் புதன்கிழமை, ஒருநாளும் நேரம் தவறாத பெண் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கண் வீங்கியிருந்தது. அந்த இரண்டு நிமிடம் முடியட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு பத்தாயிற்று.

"என்னக்கா?"

"விழுந்துட்டாரு தம்பி. நேத்து மூணு மணிக்கு கரண்ட் போயிருக்கு. ஃபேன் நின்னதும் புழுக்கம் தாங்காம ஜன்னல் பக்கம் நகரப் பாத்திருக்காரு போல. நான் போறப்ப மணி அஞ்சரை. தரையில கெடந்தாரு. எல்லாத்தையும் நனைச்சுக்கிட்டு. ரெண்டரை மணி நேரம்."

"டெய்லரம்மா?"

"கரண்ட் போனா எட்டிப் பாருங்கன்னு சொல்லித்தான் வெச்சிருந்தேன். அவங்க எந்திரிக்கறதுக்குள்ள வந்துடுச்சாம். பத்து நிமிஷம்தான் போச்சாம். அதான் கரண்ட் வந்துடுச்சே, வேணும்னா மணி அடிப்பாருன்னு இருந்துட்டாங்க. மணி அடிக்கவே இல்லையாம்."

"போர்டு அவுட்டா?"

"அதுதான் இல்ல. ரெண்டு பேருமா அவரத் தூக்கிப் படுக்க வெச்சதும் அதைத்தான் பாத்தேன். புடுங்கி மாட்டினேன், அழுத்தினேன், கத்துச்சு. பத்து தடவை அழுத்தினேன், பத்து தடவையும் கத்துச்சு."

புடுங்கி மாட்டுவது எங்கள் ஆபீஸின் முதல் வைத்தியம். எந்தப் போர்டைக் கையில் எடுத்தாலும் எங்கள் கை தானாக அதைத்தான் செய்யும்.

"அப்போ அவரு அழுத்தவே இல்ல" என்றார் அக்கா. "பொத்தான் கை பக்கத்துலதான் கெடந்துச்சு. வீம்பு. தானே எந்திரிச்சிடலாம்னு வீம்பு. நான் கத்திட்டேன் தம்பி. ஒரு பொத்தான அழுத்தக்கூட உங்களுக்கு வலிக்குதா, நான் மட்டும் சாகணுமான்னு கேட்டுட்டேன். அவரு அந்தக் கையத் தூக்கித் தூக்கிக் காமிச்சாரு. எனக்கு இருந்த ஆத்திரத்துல நான் பாக்கல. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. காலைல வாயத் தொறந்து கஞ்சி வாங்கல."

நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை பத்து மணிக்கு இல்லத்திலிருந்து வேன் வரும்.

"போதும் தம்பி. என்னால முடியல."

உள்ளுக்குள் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இந்தப் பெண் நிம்மதியாக ஒரு நாள் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன். மறைப்பானேன்.

பதினொன்றரைக்கு வழக்கம்போல மெயில்களைப் பிரித்து அவருக்குத் தள்ளினேன். ஒருவர் கோழிக்கூண்டுக் கதவில் எங்கள் போர்டை வைத்திருக்கிறார். கதவு திறந்தால் வீட்டுக்குள் விளக்கு எரிய வேண்டும். எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் எப்போதாவது கரண்ட் போய் வந்தால் மட்டும் போர்டு செத்த மாதிரி கிடக்கிறது, புடுங்கி மாட்டினால் பிழைத்துக்கொள்கிறது, உங்கள் சரக்கு மட்டமா என்று கேட்டிருந்தார். கதவின் சுவிட்சை எங்கே மாட்டியிருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா திரையைப் பார்க்காமலே தட்டத் தொடங்கினார். தட்டும்போது வாய்க்குள் முணுமுணுப்பது அவர் வழக்கம். "பூஜ்ஜியம் எண் பின்... கரண்ட் வரும் நேரத்தில்... அழுந்தி இருந்தால்..."

கை நின்றது.

நானும் நிமிர்ந்தேன். எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. பதினோரு வருடமாக எங்களுக்குக் கரண்ட் வரும் நேரம் என்றால் நாங்கள் வயரை மாட்டும் நேரம். மேஜையில் அதை மாட்டுவது எங்கள் கை, பொத்தானை விடுவதும் எங்கள் கை. வீட்டில் கரண்ட் யாரையும் கேட்காமல் போகும், யாரையும் கேட்காமல் வரும் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதை இந்த வரியோடு சேர்த்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

"அழுத்தியிருக்காரு" என்றார் அக்கா. "விடவே கூடாதுன்னு நான்தானே சொன்னேன். கரண்ட் வர்றப்பவும் புடிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. அவரு புடிச்சதாலதான் மணி அடிக்கல. நான் புடுங்கி மாட்டினப்ப பொத்தான யாரும் தொடல, அதான் கத்துச்சு." தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "கையில வட்டமா செவந்து கெடந்துச்சு தம்பி. அதைத்தான் காமிச்சிருக்காரு. விழுந்த அடின்னு நெனச்சேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேனேஜரிடம் நான்தான் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை, கிளம்புகிறோம் என்று சொன்னேன். ஈயம் உருக்கி வயர் ஒட்டும் சூட்டுக்கோலையும் அக்காவின் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

ஒரு அறை, ஒரு சமையலறை. கட்டிலுக்கு எதிரே ஜன்னல். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கதவு திறந்த சத்தத்துக்குத் திரும்பவில்லை. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அந்த இடது கையை எடுத்துப் பிரித்தார். நடுவில் ஒரு வட்டம், இப்போது கன்றிப்போயிருந்தது.

"நீங்க அழுத்தினீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் தப்பான எடத்துல மாட்டி வெச்சிருந்தேங்க. ஊருக்கெல்லாம் மாட்டாதேன்னு எழுதிட்டு, நான் அதுலயே மாட்டியிருக்கேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்ய? வயரைப் பிரித்துப் பதினெட்டாம் எண்ணில் சுட்டு ஒட்டினேன். வம்புதும்பு இல்லாத பின். லேப்டாப்பில் ஓர் எண்ணை மாற்றி ஏற்றினேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை இரண்டு மாதத்துக்கு முன்னால் செலவு செய்திருக்கலாம். பிறகு வயரைப் பிடுங்கினேன். பொத்தான் அழுந்தியிருக்கும்போது கரண்ட் வந்தால் கத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். பொத்தானை அவர் பக்கம் நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. அக்காவே வாங்கி அழுத்திப் பிடித்தார். நான் மாட்டினேன்.

எதிர் வீட்டில் மணி அலறியது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு டெய்லரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயோ, என்னாச்சும்மா? மறுபடியும் விழுந்துட்டாரா?"

"இல்லக்கா. சோதனை பண்ணினோம்" என்றார் அக்கா. டெய்லரம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நாத்தனாரின் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டுப் போனைக் கட்டிலில் வைத்தார். பொத்தானும் பக்கத்தில் கிடந்தது.

"அண்ணி, சனிக்கிழமைக்கு சொல்லியாச்சு. நாலு செட் துணி போதுமாம். மாத்திரைச் சீட்ட மறக்காம வெச்சிடுங்க."

"அழுத்தியிருக்காரும்மா. தப்பு என்னுது" என்று அக்கா நடந்ததைச் சொன்னார்.

"சரி அண்ணி, இப்ப சரிபண்ணிட்டீங்க. அடுத்த தடவை வேற ஏதாவது ஆச்சுன்னா? உங்களுக்கும் வயசாகுது. நீங்க எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவீங்க?"

நாத்தனார் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரண்டு நிமிடம் எனக்குத் தெரியும். வேனுக்குச் சரி என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

எதிர் வீட்டில் மணி அலறத் தொடங்கியது.

அவர் சுவரைவிட்டுத் திரும்பியிருந்தார். கன்றிப்போன அதே கை பொத்தான் மேல் இருந்தது. தட்டவில்லை. அழுத்திப் பிடித்திருந்தார். பார்வை மட்டும் போனின் மேல்.

"நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன், எதுக்குங்க அடிக்கறீங்க?" என்றார் டெய்லரம்மா.

"என்ன அண்ணி அங்க சத்தம்?" என்றது போன்.

அக்கா கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க அண்ணன்தான்" என்றார். "ஆபத்துங்கறாரு." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேன் வேணாம்னு சொல்லிடும்மா" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "அதான் சொல்லிட்டேனே, விடுங்க, கை வலிக்கப்போகுது" என்று அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவுக்கு வந்து ஸ்கூட்டரைத் திருப்பும்வரை மணி கத்திக்கொண்டேதான் இருந்தது.