புது நீதிபதிக்காகக் காத்திருந்தவர்

எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார் அந்த அம்மா. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பதால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. ஆற்றில் ஆலைச் சாம்பல் கலப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் மனுதாரர்களில் அவரும் ஒருவர். நான் அவர்களுடைய வக்கீலின் ஜூனியர்.

தீர்ப்பு வரும் என்றிருந்த நேரத்தில், வழக்கைக் கேட்ட நீதிபதிகள் இருவரில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இனி முதலிலிருந்து வாதாட வேண்டும். கரையில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த அம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கரையேறி வந்தார்.

"இன்னாத்துக்கு சார் போனாரு?"

"அறுபத்தஞ்சு வயசானா போயிடணும்மா. அதுதான் சட்டம்."

"எனக்கு எழுவது ஆவுது. இன்னும் தண்ணிலதான கீறேன்!" என்று சிரித்தார். "சரி, அவரு எடத்துக்கு ஆள யாரு வெப்பாங்க? நம்ம ஓட்டா?"

"ஓட்டெல்லாம் இல்லம்மா. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிங்க நாலு பேரும் உக்காந்து பேர் சொல்லுவாங்க. கவர்ன்மென்ட் பாத்து, ஜனாதிபதி கையெழுத்து போடுவாங்க."

"அப்போ வர்றவரு ஓட்டுக்காவ யாருக்கும் பயப்பட வேணாம். வரட்டும் சார், மொதல்லேந்து சொல்லுவோம்."

பல வருஷக் கஷ்டத்தை இவ்வளவு லேசாக மறுபடி சுமக்கத் துணிந்தவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

விசாரணைக்கு டெல்லி வந்தார். நீதிபதிகள் இருவர் நுழைந்ததும் கோர்ட்டே எழுந்து நின்றது. அவர்களில் ஒருவர் புதிதாக நியமிக்கப்பட்டவர். அந்த அம்மா அவரையே உற்றுப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்:

"வயசு கம்மிதான் சார். தீர்ப்பு சொல்லாம போவ மாட்டாரு."